வெண்டல் பிரெக்கியின் மூன்றாவது நேர்காணல்

டெட்ராய்ட் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், ரோமுலஸில் இருக்கிறது என் வீடு. இது மாதிரி வீடுகளுக்குப் பைலட்டுகள் 'கிராஷ் பேட்' என்று பேர் வைத்திருக்கிறார்கள். குடும்பம் வெளியூரில், வேலை இங்கே. நடுவில் பொத்தென்று விழுந்து தூங்க ஒரு கட்டில் வேண்டும், அதற்காக அந்தப் பேர். இருந்தாலும் விமானம் ஓட்டுகிறவன் படுக்கிற இடத்துக்கு வைக்கிற பேரா இது? என் காதில் அந்த வார்த்தை விழுந்தால் அன்றைக்குக் காபி கிடையாது. பெர்னி வீடு என்று சொன்னால் போதும், விமான நிலையத்தில் யார் வேண்டுமானாலும் வழி காட்டுவார்கள்.

நான் பெர்னி வோய்டாஸ். பெரிய விமானக் கம்பெனி ஒன்றின் கவுண்டரில் முழங்கால் தேயும்வரை நின்றவள். கம்பெனி பேர் வேண்டாம். மாதம் தவறாமல் பென்ஷன் அனுப்புகிறார்கள், வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வானேன்? கீழ்த்தளத்தில் என் வீட்டுக்காரர் செட் தன் கையால் அடித்த அடுக்குக் கட்டில்கள். எந்த நேரமும் ஒருத்தன் தூங்கிக்கொண்டிருப்பான், ஒருத்தன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருப்பான். சட்டதிட்டம் எல்லாம் என்னுடையது. தூங்குகிறவன் இருக்கும் அறையில் விளக்குப் போடக் கூடாது. என் மைக்ரோவேவில் மீன் சுடவைக்கக் கூடாது. கேப்டனே ஆனாலும் தட்டைத் தானே கழுவ வேண்டும். மேலே போய் நீ ராஜாவாக இரு, யார் வேண்டாம் என்றது?

இத்தனை பேரில் எனக்கு ரொம்ப வேண்டியவன் வெண்டல் பிரெக்கி. வடக்கு டகோட்டாவில், மைனாட்டுக்கும் அப்பால் சூரியகாந்தி போடுகிற குடும்பம். நெட்டையன். கீழ்த்தளத்துக் குழாயில் தலையை இடித்துக்கொள்ளாத நாள் கிடையாது. இடித்துக்கொண்டால் 'ஆ' என்றுகூடச் சொல்ல மாட்டான், அவ்வளவு கஞ்சம் பேச்சில். 'எப்படிப்பா இருக்கே?' என்றால் 'இருக்கேன்' என்பான், அதோடு அன்றைய பேச்சு முடிந்தது. நானோ டெட்ராய்டுக்குப் பக்கத்தில் போலந்துக்காரர் ஊரான ஹாம்ட்ராமிக்கில் ஏழு பேரோடு பிறந்தவள். எங்கள் வீட்டில் உப்பைக் கேட்பதற்கே கத்த வேண்டும். ஆரம்பத்தில் இவனோடு உட்கார்ந்தால் எனக்கு மூச்சு முட்டும்.

இருபத்திரண்டு வயதில் கிராண்ட் ஃபோர்க்ஸில், இரண்டு சீட் விமானத்தில் பிள்ளைகளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தான். கற்றுக்கொடுத்த நேரமும் அவன் பறந்த மணிக்கணக்கில் சேரும். எல்லோரும் அப்படித்தான் ஏறி வருவார்கள். தேவையான நேரம் சேர்ந்ததும் டெட்ராய்டில் ஒரு சின்னக் கம்பெனியில் கோ-பைலட் வேலை கிடைத்தது. சின்னக் கம்பெனி என்றால், முப்பத்துநாலு பேர் உட்காரும், இறக்கையில் காற்றாடி சுற்றுகிற விமானங்கள். பெரிய கம்பெனிக்கு லாபமில்லாத ஊர்களுக்கெல்லாம் இவர்கள் பறப்பார்கள். வெளியே பெரிய கம்பெனியின் பேரும் நிறமும் பூசியிருக்கும், ஏறுகிற ஜனங்களுக்கு வித்தியாசமே தெரியாது. பெயிண்ட் பெரியவனுடையது, சம்பளம் சின்னவனுடையது. அந்தச் சம்பளத்தில் ஒரு பூனை வளர்க்க முடியாது. வெண்டலின் மனைவி மார்லிஸ் மைனாட்டில் பள்ளிக்கூட பஸ் ஓட்டித்தான் அடுப்பு எரிந்தது.

கொஞ்ச வருஷத்தில் இடது பக்க சீட்டுக்கு மாறினான், கேப்டன் ஆனான். அதில் சிறிது காலம், அப்புறம் பெரிய கம்பெனி. அதுதான் அவன் போட்டிருந்த கணக்கு, அந்தக் காலத்தில் எல்லோருடைய கணக்கும் அதுதான். அப்போது பார்த்து நியூயார்க்கில் கோபுரங்கள் விழுந்தன. பெரிய கம்பெனிகள் ஆள் எடுப்பதை விட்டு, இருந்தவர்களையே வீட்டுக்கு அனுப்பினார்கள். அது சரியாகிக்கொண்டிருக்கும்போது ஓய்வு வயதை அறுபதிலிருந்து அறுபத்தைந்துக்குத் தள்ளினார்கள். மேலே இருந்த கிழவர்கள் ஒருத்தர்கூட நகரவில்லை. அதுவும் போதாதென்று பாங்குகள் கவிழ்ந்தன. கதவு திறந்தபோது வெண்டலுக்கு நாற்பது தாண்டிவிட்டது.

முதல் நேர்காணலில் கேட்ட கேள்விக்கெல்லாம் ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு வந்தான். இரண்டாவதில் இரண்டிரண்டு வார்த்தை. இரண்டு தடவையும் ஈமெயில்தான் வந்தது. இந்தத் தொழிலில் இருக்கிற எவனுக்கும் தெரியும்: எடுத்துக்கொண்டால் ஃபோன் வரும், வேண்டாம் என்றால் ஈமெயில் வரும். அவன் சொல்லிக்கொடுத்த கோ-பைலட்டுகள் ஒவ்வொருவராகப் பெரிய கம்பெனிக்குப் போனார்கள். அவர்கள் பை தூக்கிக்கொண்டு போகும்போது இவன் காரில் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவான். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

போகட்டும், சின்னக் கம்பெனியிலேயே கேப்டனாக இருந்துவிட்டுப் போகிறான் என்று மனசைத் தேற்றிக்கொண்ட சமயத்தில், அந்தக் கம்பெனியின் ஒப்பந்தத்தைப் பெரியவர்கள் ரத்து செய்தார்கள். பனி உருகியதும் மூடுவிழா. இன்னொரு சின்னக் கம்பெனிக்குப் போகலாமே என்று கேட்பீர்கள். இந்தத் தொழிலில் எல்லாம் நம்பர். எந்தத் தேதியில் சேர்ந்தாயோ அதுதான் உன் நம்பர். எந்த ஊருக்குப் பறப்பாய், கிறிஸ்துமஸுக்கு வீட்டில் இருப்பாயா, எல்லாவற்றையும் அந்த நம்பர்தான் சொல்லும். கம்பெனி மாறினால் அந்த நம்பர் உன்னோடு வராது. பதினேழு வருஷம் ஓட்டிய கேப்டன், நேற்று மீசை முளைத்தவனுக்குப் பின்னால் போய் நின்று, மறுபடி கோ-பைலட்டாக, மறுபடி அந்தப் பூனைச் சம்பளத்தில் ஆரம்பிக்க வேண்டும்.

"இன்னொரு சின்னக் கம்பெனின்னா வேண்டாம், வெண்டல்," என்று மார்லிஸ் ஃபோனில் சொன்னாளாம். "பெருசு எடுத்துக்கிட்டா நல்லது. இல்லைன்னா உன் தம்பியோட தானியக் கிடங்குல ஆள் கேக்கறாங்க."

அவளும் அவனைப் போலத்தான், சொன்னால் அவ்வளவுதான். அந்தக் குளிர்காலத்தில் பெரிய கம்பெனி மூன்றாவது தடவை கூப்பிட்டது. நாலாவது தடவை யாரையும் கூப்பிடுவதில்லை. இது போனால் வெண்டல் யூனிஃபார்மைக் கழற்றிவிட்டுத் தானியம் அளக்கப் போவான். நான் மெழுகுவர்த்தி ஏற்றி வைக்கிற செயின்ட் ஃப்ளோரியன் தேவாலயத்தில், அந்த மாதம் என் காசில் நிறையவே எரிந்தது.

இங்கே என் சமையலறை மேசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நேர்காணலுக்குப் போகப்போகிறவன் ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் நிற்பான். மேசையில் இருப்பவர்கள் பெரிய கம்பெனிக்காரர்களாக நடித்துக் கேள்வி கேட்பார்கள். 'கஷ்டமான நேரம் ஒன்று சொல்லுங்கள், கேப்டனோடு ஒத்துப்போகாத நேரம் ஒன்று சொல்லுங்கள்' என்று நேர்காணலில் கதை கேட்பார்கள், அதற்கு ஆளுக்கு இரண்டு மூன்று கதை தயாராக இருக்க வேண்டும். கதையைக் கேட்டுவிட்டு மேசை தீர்ப்புச் சொல்லும்: இதை வெட்டு, அதை நீட்டு. எல்லா பைலட் வீடுகளிலும் நடக்கிற கூத்துதான் இது.

அன்று சாயங்காலம் வெண்டல் குழாயில் இடித்த தலையைத் தடவிக்கொண்டு ஃப்ரிட்ஜ் பக்கத்தில் நின்றான். சரக்கு விமானம் ஓட்டுகிற டுவெயின்தான் தலைமை. அவன் வாய் ஒரு சாக்கடை, ஆனால் மனசு நல்லது.

"கேப்டன் பிரெக்கி, எடுத்த முடிவை மாத்திக்கிட்ட நேரம் ஒண்ணு சொல்லுங்க."

"எஸ்கனாபா ஏர்போர்ட். பிப்ரவரி," என்றான் வெண்டல். "பனிக்காத்து. ஓடுதளம் தெரியுது, மறையுது. நான்தான் ஓட்டினேன். உயரமும் ஜாஸ்தி, வேகமும் ஜாஸ்தி. இனெஸ்னு ஒரு பொண்ணு கோ-பைலட், வேலைக்கு வந்து மூணு வாரம்கூட ஆகல. 'ஏத்துங்க கேப்டன்'னா."

"உடனே ஏத்திட்டீங்க."

"இல்ல."

மேசையில் சூப் உறிஞ்சுகிற சத்தம் நின்றது. ஏனென்றால் இது அவர்கள் தொழிலின் சட்டம்: இறங்கும்போது இருவரில் யார் 'ஏத்து' என்று சொன்னாலும் கேள்வி கேட்காமல் மேலே ஏற வேண்டும். நேற்று வந்தவள் சொன்னாலும் சரி. ஏறிவிட்டு அப்புறம் சண்டை போட்டுக்கொள்ளலாம்.

"காதுல விழுந்துச்சு," என்றான் வெண்டல். "பேசாம இறக்கிக்கிட்டே இருந்தேன். எத்தனை தடவை அங்க இறங்கியிருக்கேன், இவ என்ன சொல்றதுன்னு ஒரு இது. ரெண்டாவது தடவை கத்தினா. அப்பத்தான் ஏத்தினேன். சுத்தி வந்து ஒழுங்கா இறங்கினப்பதான் தெரிஞ்சுது, ஓடுதளம் பூரா கண்ணாடி மாதிரி ஐஸ். முதல்ல வந்த வேகத்துல இறங்கியிருந்தா காட்டுக்குள்ளதான் போய் நின்னிருப்போம்."

அவன் வாயிலிருந்து அவ்வளவு வார்த்தை சேர்ந்தாற்போல வந்து நான் கேட்டதே இல்லை.

"எனக்கு அந்த இடம்தான் புடிச்சுது கேப்டன்," என்றான் டேனர். டேனர் டுகெட், வெண்டலின் கம்பெனியிலேயே கோ-பைலட், இருபத்தேழு வயசு. "அந்த ரெண்டாவது தடவை. மூணு வாரத்துப் பொண்ணு கேப்டனைப் பாத்துக் கத்தினா பாருங்க!"

"நீ சும்மா கிடடா," என்றான் டுவெயின். "வெண்டல், அந்த முதல் தடவையை வெட்டு. கேட்டும் கேக்காத மாதிரி இருந்தேன்னு போய்ச் சொன்னா, கோட்டை மாட்டிவிட்டு வழியனுப்பிடுவாங்க. அவ சொன்னா, நீ ஏத்தின. தீந்துது கதை."

"கதையில உயிரே போயிடுமேப்பா," என்றேன் நான்.

"உயிர் போனா போகட்டும் பெர்னி, வேலை வரட்டும்!"

வெட்டினார்கள். அன்றிலிருந்து வெண்டல் ஊரிலிருந்து வருகிறபோதெல்லாம் எஸ்கனாபா அரங்கேறியது. எனக்கே மனப்பாடம். செட் குளித்துக்கொண்டே அதைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

டேனரும் அதே பெரிய கம்பெனிக்கு எழுதிப் போட்டிருந்தான், அவனுக்கு நேர்காணல் வெண்டலுக்கு ஒரு வாரம் முந்தி வந்தது. போய்விட்டு வந்தவன் 'நல்லாத்தான் போச்சு' என்று சொல்லிவிட்டு நேராகப் போய்ப் படுத்துக்கொண்டான். இரண்டே நாளில் ஃபோன் வந்துவிட்டது. ஈமெயில் இல்லை, ஃபோன்! நான் ஹாம்ட்ராமிக்கிலிருந்து ஜாம் வைத்த பூஞ்ச்கி என்கிற எங்கள் போலந்து டோனட் ஒரு பெட்டி வாங்கி வந்தேன். எல்லோரும் வாயெல்லாம் சர்க்கரையாக நின்றோம். வெண்டலும் வேலையில் சேர்ந்தாலும் அந்த ஒரு வாரத்துக்காக டேனர் ஆயுள் முழுக்க அவனுக்கு மேலே இருப்பான். வெண்டல் கைகுலுக்கினான், முகத்தில் ஒரு சுருக்கம் கிடையாது. டேனர்தான் அவன் கண்ணைப் பார்க்கவில்லை. சின்னப் பையன், கூச்சப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

வெண்டல் நேர்காணலுக்குப் போன அன்று மத்தியானம் அவனைக் கூட்டிவர நானே வேனை எடுத்துக்கொண்டு விமான நிலையத்துக்குப் போனேன். கோட்டும் டையுமாக வாசலில் நின்றான். ஏறி உட்கார்ந்தான், பெல்ட்டை மாட்டினான்.

"என்னப்பா ஆச்சு?"

"போச்சு, பெர்னி."

"போச்சுன்னா? வாயைத் திறந்து சொல்லேன்!"

"எஸ்கனாபாவைச் சொன்னேன். நல்லாத்தான் வந்துச்சு, டுவெயின் வெட்டின மாதிரியே. நரைச்ச தலையோட ஒரு அம்மா, அவங்களும் கேப்டன்தான், பேனாவைக் கீழ வெச்சாங்க. 'போன வாரம் உங்க கம்பெனி கோ-பைலட் ஒருத்தர் இதே நாற்காலில உக்காந்து இதே கதையைச் சொன்னார். அதே ஊரு, அதே பனி. கோ-பைலட்டா இருந்து கத்தினது தான்தான்னார். அவர் கதையில கேப்டன் முதல் தடவை காதுல போட்டுக்கவே இல்ல. அந்த கேப்டன் நீங்கதானா?'ன்னாங்க."

நான் வேனை ஓரங்கட்டி நிறுத்தினேன். பின்னால் வந்தவன் ஹார்ன் அடித்தான், போடா என்று கையைக் காட்டினேன். விஷயம் புரிய எனக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று. டேனர், இனெஸ் இடத்தில் தன்னை உட்கார்த்தி வைத்துக் கதையைச் சொல்லியிருக்கிறான். அதுவும் வெட்டாத கதையை! கதைக்குச் சொந்தக்காரன் போய்ச் சொல்லும்போது, அவனே ஒளித்துச் சொல்கிறவன் ஆகிவிட்டான்.

"நீ என்னப்பா சொன்னே?"

"என்ன சொல்றது? ஆமா, அந்த கேப்டன் நான்தான்னேன். அவர் சொன்ன மாதிரிதான் நடந்துச்சு, நான் இப்ப சொன்ன மாதிரி நடக்கல. முதல் தடவை சொன்னது எனக்குக் கேட்டுச்சு, கேட்டும் இறக்கினேன்னேன்."

"அய்யோ, அய்யோ. அப்புறம்?"

"அன்னிக்கு என் பக்கத்துல உக்காந்திருந்தது போன வாரம் வந்தவர்தானான்னு கேட்டாங்க."

"இல்லைன்னு சொன்னியா, இல்லையா? அவன் எஸ்கனாபாவுல எங்க இருந்தான்? அன்னிக்கு அவன் எங்க என்ன பண்ணிக்கிட்டு இருந்தானோ!"

"அதைப்பத்தி நான் பேச மாட்டேன், என்னைப்பத்தி என்ன வேணா கேளுங்கன்னேன். அவங்க ஒண்ணும் கேக்கல. கைகுடுத்து அனுப்பிட்டாங்க."

"உன்னை எதுலப்பா செஞ்சாங்க?" என்று கத்தினேன். கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது எனக்கு. பதினேழு வருஷம் காத்திருந்தவன், ஒரு பேரைச் சொல்லியிருந்தால் தப்பித்திருப்பான். சொல்லவில்லை. அவன்மேல் கோபமா, டேனர்மேல் கோபமா என்று எனக்கே தெரியவில்லை. வீடு வருவதற்குள் டேனர்மேல்தான் என்று முடிவாகிவிட்டது.

டேனர் சமையலறையில் ரொட்டியில் சீஸ் வைத்து வாட்டிக்கொண்டிருந்தான். நான் அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நேராகக் கீழ்த்தளத்துக்குப் போனேன், முழங்கால் வலியெல்லாம் எங்கே போனதென்று தெரியாது. அவன் தலையணையையும் போர்வையையும் வாரிக்கொண்டு வந்து, வாசல் கதவைத் திறந்து பனியில் எறிந்தேன்.

"திருட்டுப் பசங்களுக்கு என் வீட்ல கட்டில் கிடையாது! எஸ்கனாபாவுல போய்த் தூங்கு!"

டேனர் கையில் கரண்டியோடு அப்படியே நின்றான். வெண்டலைப் பார்த்தான். டேனரின் முகம் வெளுத்துப்போனதைப் பார்த்ததும், இவன் திட்டம் போட்டுச் செய்தவன் இல்லை என்று எனக்குப் பட்டது. ஆனாலும் கோபம் இறங்கவில்லை.

"கேப்டன், சத்தியமா நான் அதைச் சொல்லப் போகல. மின்னல் அடிச்ச கதைதான் தயார் பண்ணி வெச்சிருந்தேன். அவங்க கேட்டதும் தலைக்குள்ள ஒண்ணுமே இல்ல. வாயைத் திறந்தா எஸ்கனாபாதான் வருது. இந்த மேசையில எத்தனை தடவை கேட்டிருப்போம்! பாதியில நிறுத்த வழி தெரியல. அன்னிக்கு நீங்க சொன்னப்பவே, இனெஸ் மாதிரி இருக்கணும்னு நினைச்சேன். அதுதான் வந்துடுச்சோ என்னவோ."

"வெளிய வந்ததும் சொல்றதுக்கு என்னடா?" என்றேன்.

"சொல்லணும்னுதான் இருந்தேன். ஃபோன் வந்துடுச்சு."

அடுப்பில் ரொட்டி கருகியது. வெண்டல் போய் அடுப்பை அணைத்தான். பிறகு கோட்டு போட்டபடியே வெளியே இறங்கி, தலையணையையும் போர்வையையும் எடுத்துப் பனியை உதறிக்கொண்டு உள்ளே வந்தான்.

"விடியக்காலைல இவனுக்கு ஃப்ளைட் இருக்கு, பெர்னி. தூங்கணும்."

அவ்வளவுதான் சொன்னான். எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. தலையணையைப் பிடுங்கி வாஷிங் மெஷின் மேல் காயப்போட்டேன்.

மறுநாள் பறந்துவிட்டு வந்த டேனர், யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் ஃபோனை எடுத்துக்கொண்டு கார் ஷெட்டுக்குள் போனான். நான் சமையலறை ஜன்னலில் நின்று பாத்திரம் கழுவுகிறவள் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் அங்குமிங்கும் நடந்தான், அப்புறம் என் தோட்ட நாற்காலியில் உட்கார்ந்து பேசினான். திரும்பி வந்தபோது மூக்கு சிவந்திருந்தது.

"சொல்லிட்டேன். இனெஸ் பேரையும் சொன்னேன். வேலையைத் திருப்பி எடுத்துக்கிட்டாங்க. ஒரு வருஷம் கழிச்சு வேணும்னா மறுபடி எழுதிப் போடச் சொன்னாங்க."

"ஒரு வருஷம்தானே? உன் வயசுக்கு அது ஒண்ணுமில்ல," என்றேன். அவன் முன்னால் உருளைக்கிழங்கு வைத்த பியரோகிக் கொழுக்கட்டை ஒரு தட்டு வைத்தேன். இரண்டாவது தட்டும் கேட்டான். பூஞ்ச்கி வாங்கி வந்த நாளிலிருந்து பையன் சரியாகச் சாப்பிடவே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"எனக்காகச் சொன்னியா?" என்று வெண்டல் கேட்டான்.

"இல்ல கேப்டன். படுத்தா கண்ணை மூட முடியல."

"அது சரி," என்றான் வெண்டல். அந்த இருவருக்கும் நடுவில் அதற்கு மேல் பேச்சே கிடையாது. நான் என்றால் ஒரு மணி நேரம் பேசியிருப்பேன்.

அப்புறம் வெண்டலுக்காகக் காத்திருந்தோம். அது மாதிரி ஒரு வாரம் என் எதிரிக்கும் வர வேண்டாம். ஈமெயில் வந்தால் அவன் ஃபோன் 'டிங்' என்னும். ஒவ்வொரு 'டிங்'குக்கும் வீடே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். ஒன்று செருப்புக்கடைத் தள்ளுபடி. ஒன்று பல் டாக்டர். ஒருநாள் தெரியாத நம்பரிலிருந்து ஃபோனே வந்துவிட்டது. டுவெயின் சூப்பில் கரண்டியைப் போட்டான், நான் சிலுவை போட்டுக்கொண்டேன். எடுத்தால் காருக்கு வாரண்டி விற்கிற மெஷின் குரல். டுவெயின் அந்த மெஷினைத் திட்டிய திட்டு இருக்கிறதே, அதை எழுதினால் என் பாவக்கணக்கில் சேரும்.

வெண்டல் மட்டும் சாதாரணமாக இருந்தான். ஊருக்குப் போனான், வந்தான், ஆல்பினாவுக்கும் எஸ்கனாபாவுக்கும் பறந்தான். ஆனால் ஒருநாள் கீழ்த்தளத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, அவன் கட்டிலில் உட்கார்ந்து தன் தொப்பியை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் எடுத்து மாட்டிவிட்டான்.

"தானியக் கிடங்கும் நல்ல வேலைதான், பெர்னி," என்றான். "தினம் வீட்டுக்குப் போகலாம்."

அவன் அப்படிச் சொன்னது எனக்குத் தாங்கவில்லை. மேலே வந்து வெங்காயம் நறுக்கினேன், அழுவதற்கு அது ஒரு சௌகரியம்.

வியாழக்கிழமை பிற்பகல். வெண்டல் மேசையில் உட்கார்ந்து ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். டுவெயினும் டேனரும் எதிரே. ஃபோன் அடித்தது. மறுபடியும் தெரியாத நம்பர். இந்தத் தடவை யாரும் அசையவில்லை. வெண்டல் எடுத்து, "பிரெக்கி," என்றான். விரலில் வெண்ணெய் இருந்ததால் ஃபோனை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டான்.

நேர்காணலில் இருந்த அந்த நரைத்த தலை அம்மாதான். "கேப்டன் பிரெக்கி, லேட்டானதுக்கு மன்னிக்கணும். பேப்பர் வேலை. நீங்க வெளிய போன அஞ்சாவது நிமிஷமே முடிவு பண்ணிட்டோம், அந்தப் பையன் ஃபோன் பண்றதுக்கு முன்னாடியே. உங்களுக்கு வேலை குடுக்க விரும்பறோம். திங்கக்கிழமை ஒரு வகுப்பு ஆரம்பிக்குது, அதுல ஒரு இடம் காலியாயிடுச்சு. அது முடியாதுன்னா அடுத்த மாசம் ஒண்ணு இருக்கு. எது வேணும்?"

டுவெயின் சத்தமில்லாமல் 'திங்கள், திங்கள்' என்று வாயைக் கோணினான். ஒரு மாதம் என்றால் எத்தனை நம்பர்! வெண்டல் அவனைப் பார்க்கவில்லை. டேனரைப் பார்த்தான். காலியான இடம் யாருடையதென்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். டேனர் சரியென்று தலையை ஆட்டினான். நன்றாக, பலமாக ஆட்டினான்.

"திங்கக்கிழமை," என்றான் வெண்டல். அப்புறம், "தேங்க்யூ மேம்," என்றான். அப்புறம் ஃபோனை எப்படி அணைப்பது என்று தெரியாதவன் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான். அந்தம்மாவே அணைத்தார்.

நான் போட்ட கூச்சலில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் மேலே ஓடிவந்தார்கள். என் சட்டத்தை நானே மீறினால் கேட்பதற்கு யார் இருக்கிறார்கள்? செட் வந்தார், விஷயம் தெரிந்ததும் வெண்டலின் முதுகில் ஒரு போடு போட்டார். பதினேழு வருஷம் விறைப்பாகவே இருந்த அந்தத் தோள் இரண்டும் கீழே இறங்கியதை என் கண்ணால் பார்த்தேன். எனக்கு மனசு அப்படியே லேசாகிவிட்டது, பத்து வயசு குறைந்தாற்போல.

"மார்லிஸைக் கூப்பிடுடா மடையா!" என்றேன்.

கூப்பிட்டான். மைனாட்டில் அப்போது பள்ளிக்கூடம் விடுகிற நேரம் இன்னும் வரவில்லை. பஸ் நிறுத்துகிற இடத்தில், காலி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாள்.

"மார்லிஸ். பதில் வந்துடுச்சு."

"ஈமெயிலா?"

"இல்ல. ஃபோன்."

ஃபோன் ஸ்பீக்கரில் இருந்தது, நாங்கள் இத்தனை பேரும் மேசையைச் சுற்றிக் குனிந்து நின்றோம். "சரி," என்றாள் மார்லிஸ். "இரு, வரேன்." ஃபோனை எங்கோ வைக்கிற சத்தம் கேட்டது. லைன் போய்விட்டதோ என்று டுவெயின் கையை நீட்டினான்.

அப்போது ஹார்ன் கேட்டது. விட்டு விட்டு அடிக்கிற ஹார்ன் இல்லை, கையை அழுத்தி எடுக்காமலே அடிக்கிற ஹார்ன். அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. என்னவோ ஏதோ என்று பக்கத்தில் நின்ற பஸ்களிலிருந்து யாரோ கத்திக் கேட்பதும், அவள் பதிலுக்குக் கத்துவதும் கேட்டது. பிறகு அந்த பஸ்களும் ஒவ்வொன்றாக ஹார்ன் அடிக்க ஆரம்பித்தன.

வெண்டல் ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணிலிருந்து வடிந்ததைத் துடைக்கக்கூட இல்லை.

"இத்தனை வருஷத்துல அவ ஹார்னைத் தொட்டதே இல்ல," என்றான். "பிள்ளைங்க பயந்துடும்னு."